ரோமர் 13: கீழ்ப்படிதலும் பிறனிடத்தில் அன்பும் — வேதபாடக் குழுவில் எழுந்த இரண்டு கேள்விகள்

கேள்வி — பெரேயா வாசகன்

அன்பான சகோதர சகோதரிகளுக்குக் கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

எங்கள் சபையின் வேதபாடக் குழுவில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்து வருகிறோம். பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தபோது, வழக்கமாக ஜெபத்தோடு அமைதியாக முடியும் கூட்டம் இரண்டு கருத்துகளாகப் பிரிந்து நின்றது. குழுவை நடத்துகிறவன் என்ற முறையில் நான் அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை. உங்கள் ஆலோசனையைக் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போக விரும்புகிறேன்.

முதல் கேள்வி வரியைப் பற்றியது. சிறுதொழில் செய்யும் சகோதரர் ஒருவர் ரொக்கமாக வரும் வருமானத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டுவதில்லை. அப்படி மிஞ்சும் தொகையை விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுக்கிறார். உண்மையாகவே கொடுக்கிறார், அதை நான் அறிவேன். "அரசு வீணாக்கும் பணத்தை நான் ஏழைக்குக் கொடுக்கிறேன். அன்பு நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல் என்று அதே அதிகாரம் சொல்கிறதே" என்பது அவருடைய வாதம்.

இரண்டாம் கேள்வி இதற்கு நேர் எதிரான திசையிலிருந்து வந்தது. ஒரு குடியிருப்பில் நெடுங்காலமாக வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை, மாற்று இடம் கொடுக்காமலேயே வெளியேற்றுமாறு அதிகாரிகள் ஆணை பிறப்பித்தார்கள். எங்கள் வாலிபர்களில் சிலர் அந்தக் குடும்பங்களோடு போய் மனு கொடுத்தார்கள். அலுவலக வாசலில் அமைதியாக நின்று எதிர்ப்பும் தெரிவித்தார்கள். சபையின் மூப்பர் ஒருவர், "அதிகாரத்துக்கு எதிர்த்து நிற்கிறவன் தேவனுடைய நியமத்துக்கு எதிர்த்து நிற்கிறான்" என்ற வசனத்தைக் காட்டி, அவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்கிறார்.

இருவரும் ஒரே அதிகாரத்தைத்தான் காட்டுகிறார்கள். ஒருவர் எட்டாம் வசனத்தில் தொடங்குகிறார். மற்றவர் ஏழாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். இருவரும் கர்த்தரை நேசிக்கிறவர்கள் என்பதால் இது எனக்குப் பாரமாக இருக்கிறது.

பதில் 1 — ஒலிவக்கன்று

சகோதரரே, ஒருவர் எட்டில் தொடங்குகிறார், மற்றவர் ஏழில் நிறுத்துகிறார் என்று நீங்கள் எழுதியதிலேயே விடையின் பாதி இருக்கிறது. அதிகாரப் பிரிவுகள் பவுல் போட்டவை அல்ல; அவை 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. அவற்றை எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்று தொடங்குகிறது. துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதிக்கவும், பழிவாங்காமலிருக்கவும், பசியாயிருக்கும் சத்துருவுக்குப் போஜனம் கொடுக்கவும் சொல்லி, "தீமையை நன்மையினாலே வெல்லு" என்பதில் வந்து நிற்கிறது. அதற்கு அடுத்த வரியே அதிகாரமுள்ளவர்களைப் பற்றியது. வரியையும் தீர்வையையும் பயத்தையும் கனத்தையும் செலுத்தச் சொன்ன உடனே, "ஒருவரிடத்திலொருவர் அன்புகூருகிற கடனேயல்லாமல், மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்று மறுபடியும் அன்புக்கே திரும்புகிறார். முன்னும் பின்னும் அன்பைப் பற்றியே பேசுகிறவர், நடுவிலுள்ள ஏழு வசனங்களில் மட்டும் அன்பை மறந்துவிட்டு அரசியல் பேசினார் என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அரசுக்குக் கீழ்ப்படிதல், பவுலின் பார்வையில், பிறனை நேசிப்பதன் ஒரு பகுதி.

இந்த வார்த்தைகளை முதலில் கேட்டவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது. ரோமப் பேரரசனான கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னதால் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்தார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. பொதுவாக அது கி.பி. 49-இல் நடந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ரோமர் 16-இல் அதே தம்பதியர் மீண்டும் ரோமில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் சபை கூடுகிறது. பவுல் இந்த நிருபத்தை எழுதியது ஏறக்குறைய 57-இல், நீரோ ஆண்ட காலத்தில். ஓர் அரசாணையால் வீட்டையும் தொழிலையும் விட்டுப் போய்த் திரும்பியவர்களுக்குத்தான், "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை" என்று எழுதுகிறார். அரசு எப்போதும் நீதியாகவே நடக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதப்பட்ட வரி அல்ல அது. வரிச்சுமையும் அப்போது பேசப்பட்ட பொருள்தான்: 58-இல் வரி வசூலிப்போரின் கொடுமையைப் பற்றி மக்கள் முறையிட்டபோது, மறைமுக வரிகளையே நீக்கிவிடலாமா என்று நீரோ யோசித்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரிலுள்ள விசுவாசிகளிடம்தான் வரியைச் செலுத்தச் சொல்கிறார், அதுவும் தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, மனச்சாட்சியினிமித்தமும்.

ஆகையால் உங்கள் தொழில்முனைவோர் சகோதரருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எட்டாம் வசனம் ஏழாம் வசனத்தை ரத்துசெய்யவில்லை. செலுத்த வேண்டியதையெல்லாம் செலுத்தித் தீர்த்த பிறகும் தீராமல் நிற்கும் கடன் ஒன்று உண்டு, அது அன்பு என்கிறார் பவுல். முதல் கடனைக் கொடுக்காமல் இரண்டாம் கடனைத் தீர்க்க முடியாது. மாற்கு 7-இல் நம் ஆண்டவர் கண்டித்த கொர்பான் வழக்கத்தை அவர் ஆழமாகச் சிந்தித்துப் பார்க்கட்டும். அங்கே ஒருவன் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். காணிக்கை பரிசுத்தமானதுதான்; ஆனாலும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்திவைத்து, அதையே பக்தியாக வேறு இடத்தில் கொடுப்பதை இயேசு ஏற்கவில்லை.

பதில் 2 — ஆயத்துறை

நான் வரித்துறையில் நெடுங்காலம் பணியாற்றுகிறவன். இந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதனால்தான். முதல் கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தச் சகோதரரின் தயாள குணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் "அரசின் பணம்" என்று அவர் சொல்வது உண்மையில் யாருடைய பணம் என்று கேட்க வேண்டும். ஒருவர் தம் பங்கைக் குறைத்துக் காட்டினால், மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் குடிநீருக்கும் ஆகும் செலவு குறைந்துவிடுவதில்லை. அந்தப் பற்றாக்குறை வேறொருவர் மேல் விழுகிறது, அல்லது ஏதோ ஒரு சேவை நின்றுபோகிறது. மாதச் சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படும் தொழிலாளிக்கு மறைக்கும் வசதி கிடையாது. அதே தொழிலை நேர்மையாகச் செய்யும் போட்டியாளர் விலையைக் குறைக்க முடியாமல் திணறுவார். இவர்களும் அவருடைய பிறன்தானே? "அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது" என்ற வசனத்தை அவர் எடுத்துக்கொள்வாரானால், தம் கையால் உதவி பெறும் விதவையோடு, தம் கண்ணுக்குத் தெரியாத இந்த மனிதரையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இது புதிய கருத்தும் அல்ல. ஏறக்குறைய 197-இல் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களைப் பகைத்த ரோம அதிகாரிகளுக்கு எழுதிய தற்காப்பு நூலில், கோயில்களுக்கு எங்களால் வருமானம் குறைந்திருக்கலாம், ஆனால் வரிகளை நாங்கள் நேர்மையாகச் செலுத்துகிறோம், பிறரை ஏமாற்றாமலிருக்கும் அதே உண்மையோடு அதையும் செய்கிறோம் என்ற பொருளில் வாதாடுகிறார். வரி ஏய்ப்பையும் அயலானை ஏமாற்றுவதையும் அவர் ஒரே தட்டில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். அந்த அரசு அவருடைய சகோதரர்களைச் சிங்கங்களுக்குப் போட்ட அரசு.

அரசு பணத்தை வீணாக்குவதே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்; உள்ளேயிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியும். வீண்செலவையும் ஊழலையும் கேள்வி கேட்க வேண்டும், தணிக்கை வேண்டும், வாக்களிக்கும்போது அதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். லூக்கா 3-இல் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான்ஸ்நானனிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாய் வாங்காதே, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே என்கிறார். "உனக்கு நன்மை உண்டாவதற்கு அவன் தேவஊழியக்காரனாயிருக்கிறான்" என்ற வசனத்தை மக்கள் கீழ்ப்படிய வேண்டிய காரணமாகவே எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கும் விசுவாசிக்கு அது எவ்வளவு கனமான கட்டளை என்பதை மிகக் குறைவாகவே கேட்டிருக்கிறேன். எங்கள் மேசைக்கு முன் நிற்கிறவருடைய நன்மைக்காகவே நாங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கிறோம்.

பதில் 3 — சபை வரலாற்று மாணவி

முதல் கேள்விக்கு மேலே இருவரும் எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு. இரண்டாம் கேள்வியில் மூப்பரோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன்.

மனு கொடுப்பதும், அநியாயத்தை அதிகாரியின் முகத்துக்கு நேராகச் சொல்வதும் கலகம் என்றால், முதலில் பவுலையே மனந்திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் வைத்த அதிகாரிகள் இரகசியமாக விடுதலை செய்ய ஆள் அனுப்பியபோது, "அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்று சொல்லி அவர்களை வரவழைத்தார். எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டார். தேசாதிபதி பெஸ்துவுக்கு முன்பாக, தம் வழக்கை ரோமப் பேரரசரே விசாரிக்கட்டும் என்று இராயனுக்கு அபயமிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அப்போஸ்தலர் 24: தேசாதிபதி பேலிக்ஸ் பணம் கிடைக்குமென்று எதிர்பார்த்துப் பவுலை அடிக்கடி அழைத்துப் பேசுகிறான்; பவுல் பணம் கொடுக்காமல், நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்து அவனிடம் பேசுகிறார்; இரண்டு வருஷம் காவலிலேயே இருக்கிறார். சட்டத்துக்கு முழுமையாக உட்பட்டும், அதிகாரியின் அநீதிக்குத் துணைபோகாமலும் இருப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேதத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. (லஞ்சம் கொடுத்துக் காரியத்தை முடித்துக்கொள்வது பற்றியும் உங்கள் குழு ஒருநாள் பேசலாம்.)

உங்கள் வாலிபர்கள் செய்தது சட்டத்தை மீறுவதே அல்ல. பல நாடுகளின் அரசியல் சட்டம் மனு கொடுக்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் அந்தச் சட்டமும் "மேலான அதிகாரத்தின்" ஒரு பகுதி. பேச உரிமை கொடுத்துள்ள அரசின் கீழ், வாயற்றவர்களுக்காகப் பேசுகிறவன் அந்த ஒழுங்குக்கு உள்ளேதான் நிற்கிறான்.

ரோமர் 13 தவறாகப் பயன்படுத்தப்பட்ட வரலாறும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை நியாயப்படுத்த இந்த வசனங்கள் எடுத்தாளப்பட்டன. 1985-இல் அங்குள்ள இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் அந்தப் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தது. ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய திருச்சபையினர், அரசே மனித வாழ்வின் முழு ஒழுங்காகிவிட முடியாது என்று அறிக்கையிட்டார்கள். அந்தப் பகுதி "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்ற பேதுருவின் வசனத்தோடுதான் தொடங்குகிறது. துணிவான அறிக்கை. ஆனாலும் அதில் யூதரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை எழுதுவதில் முதன்மைப் பங்கு வகித்த இறையியலாளர் கார்ல் பார்த், பிற்காலத்தில் அதைத் தம் குற்றமாகவே ஒப்புக்கொண்டார். திருச்சபை தன் சுதந்தரத்துக்காக அரசிடம் பேசியபோதும் வாசலில் நின்ற அயலானுக்காகப் பேசவில்லை என்பது எனக்கு ஆறாத வேதனை. உங்கள் வாலிபர்கள் தங்களுக்காக எதையும் கேட்கவில்லை என்பதை மூப்பருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிரதான ஆசாரியனை "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று கடிந்த பவுல், அவர் யார் என்று அறிந்தவுடன், "உன் ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லாயாக" என்ற நியாயப்பிரமாணத்தின் வார்த்தையை எடுத்துச் சொல்லித் தம் பேச்சை அடக்கிக்கொள்கிறார். எதிர்ப்புப் பதாகையில் அதிகாரியின் பெயரை இழிவாக எழுதியிருந்தாலோ, சமூக வலைத்தளத்தில் பொய்யான செய்தியைப் பகிர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் மூப்பர் கண்டிப்பது சரிதான்.

பெரேயா வாசகன் மீண்டும்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றில் சிலவற்றை மூப்பரிடம் பேசினேன். பதாகைகளில் இழிசொல் எதுவும் இல்லை என்பதை அவரே பார்த்திருக்கிறார். மனு கொடுப்பதில் தவறில்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறார். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒருவரும் தங்க இடம் கொடுக்கக் கூடாது என்று நாளை ஆணை வந்தால் என்ன செய்வீர்கள்? அப்போதும் அன்பு என்று சொல்லி மீறுவீர்களானால், வரி கட்டாத சகோதரரை மட்டும் எப்படிக் கண்டிப்பீர்கள்?" என்கிறார். அந்தச் சகோதரரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் யாராவது சொன்னால் உதவியாயிருக்கும்.

ஒலிவக்கன்று

மூப்பரின் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

வேதத்தில் தேவனுடைய பிள்ளைகள் அரசாணையை மீறிய இடங்களை வரிசையாகப் பாருங்கள். எபிரெய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் ஆண்பிள்ளைகளைக் கொல்ல மறுத்தார்கள். தானியேல் ஜெபிப்பதை நிறுத்த மறுத்தார். அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில் போதிப்பதை நிறுத்த மறுத்து, "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்றார்கள். இவற்றில் எங்கும் அரசாணை வெறும் பாரமாகவோ நஷ்டமாகவோ இருந்ததால் மீறப்படவில்லை. தேவன் விலக்கியதைச் செய்யும்படியோ, தேவன் கட்டளையிட்டதைச் செய்யாதிருக்கும்படியோ ஆணையிடப்பட்ட இடத்தில்தான் மறுப்பு வந்தது. வரி கட்டுவதால் அந்தச் சகோதரர் எந்தத் தெய்வக் கட்டளையையும் மீற வேண்டியதில்லை. வரி கட்டிவிட்டு, மீதியிலிருந்து தாராளமாகக் கொடுக்க அவரை யாரும் தடுக்கவில்லை. வீடற்றவனைச் சேர்த்துக்கொள்ளாதே என்று ஓர் ஆணை சொல்லுமானால் நிலைமை வேறு: அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று சொன்ன இயேசுவின் கட்டளைக்கு நேர் எதிராக அது நிற்கிறது.

மீறுகிறவன் எப்படி மீறுகிறான் என்பதும் முக்கியம். தானியேல் பலகணிகள் திறந்திருக்க ஜெபித்தார், தண்டனையைத் தட்டிக்கழிக்கவில்லை, சிங்கக்கெபியிலிருந்தும் "ராஜாவே, நீர் என்றும் வாழ்க" என்றே பேசினார். ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்த அதே நேரத்தில் ராஜாவைக் கனம்பண்ணினார். மறைவில் மீறுவதும், விளைவைத் தவிர்ப்பதும், அதனால் இலாபம் அடைவதும் ஒரு செயலில் சேர்ந்திருக்குமானால், அது தானியேலின் வழி அல்ல.

சபை வரலாற்று மாணவி

கடைசி வரியில் ஒரு சிறு திருத்தம் சேர்க்க அனுமதியுங்கள். மறைவாகச் செய்ததெல்லாம் தவறாகிவிடாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் லெ ஷாம்போன் என்ற மலைக்கிராமத்தில் போதகர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவருடைய சபையாரும் யூத அகதிகளை வீடுகளிலும் பண்ணைகளிலும் ஒளித்து வைத்தார்கள். போலி அடையாள அட்டைகளும் தயாராயின. அவையெல்லாம் இரகசியமாகத்தான் நடக்க முடியும், ஏனென்றால் வெளிப்பட்டால் சாகப்போகிறவர்கள் ஒளிக்கப்பட்டவர்கள். அதே நேரத்தில் 1942 கோடையில் அங்கு வந்த, நாஜிகளோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசின் அமைச்சரிடம், யூதர்கள் பிடித்துச் செல்லப்பட்டதைக் கண்டித்து மாணவர்கள் வெளிப்படையாகவே கடிதம் கொடுத்தார்கள். 1943-இல் கைதான த்ரோக்மே, விடுதலைக்காக அரசின் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட மறுத்தார். தம் மனதை அவர் அரசிடமிருந்து மறைக்கவில்லை. தம்மிடம் அடைக்கலம் புகுந்தவர்களை மட்டும் மறைத்தார். மருத்துவச்சிகளும் பார்வோனிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நான் கேட்கும் கேள்வி, மறைவா வெளிப்படையா என்பது அல்ல. இந்த மீறலால் ஆபத்தைச் சுமக்கிறவர் யார், ஆதாயம் பெறுகிறவர் யார்?

ஒலிவக்கன்று

ஏற்றுக்கொள்கிறேன், சகோதரி. இந்தக் கேள்வி என் வரியைவிடத் துல்லியமானது. மூப்பரிடமும் இதையே கேட்கலாம்.

ஆயத்துறை

சகோதரரிடம் பேசுவது பற்றி: மத்தேயு 18 சொல்கிறபடி நீங்களும் அவரும் தனித்திருக்கையில் பேசுங்கள். குழுவில் அவர் பெயரையோ தொழிலையோ மீண்டும் எடுக்காதீர்கள். அவருடைய ஈகையை முதலில் மனதார மெச்சுங்கள், அது உண்மையானதுதானே. பிறகு, ஆயக்காரனான சகேயு தாம் அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிச் செலுத்துவதாகச் சொன்னதையும் ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னதையும் ஒரே வசனத்தில் வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டுவிடவில்லை.

நடைமுறையில் அவர் பயப்படப்போவது அபராதத்துக்கும் அவமானத்துக்கும்தான். பல நாடுகளில், துறை கண்டுபிடிப்பதற்கு முன் தாமாகவே முன்வந்து பழைய கணக்கைத் திருத்திச் செலுத்துகிறவருக்கு அபராதத்தைக் குறைக்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. தவணையாகச் செலுத்தவும் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். நம்பிக்கையான கணக்காளர் ஒருவரை அவர் பார்க்கட்டும். அலுவலகத்துக்குத் தனியாகப் போகத் தயங்கினால் நீங்களும் உடன் போங்கள். அவர் இதுவரை தாங்கிவந்த விதவைகளுக்கு, அவர் பழைய பாக்கியைக் கட்டி முடிக்கும் வரை உதவி குறைந்துவிடாதபடி சபை அந்தச் செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று மூப்பரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.